537 வாக்குகள்: புளோரிடாவின் கைமுறை மீள் எண்ணிக்கையும் சுயாதீன மீளாய்வு கண்டதும்

தேர்தலில் தோற்ற தரப்பு "மீண்டும் எண்ணுங்கள்" என்று கேட்பது புதிதல்ல. வென்ற தரப்பு "எண்ணியது போதும்" என்பதும் புதிதல்ல. மீண்டும் எண்ணும்போது எதை எண்ணுவது, எந்த அளவுகோலை வைத்து எண்ணுவது, யார் எண்ணுவது என்ற கேள்விகள்தான் கடினமானவை. இவற்றுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்காத ஒரு தேசம் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், அதிலும் புளோரிடா மாநிலம், இன்றும் முதன்மையான உதாரணமாக இருக்கிறது.

அந்தத் தேர்தலைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. "புஷ் திருடினார்" என்பது ஒன்று. "எத்தனை முறை எண்ணினாலும் புஷ்தான் வென்றார்" என்பது மற்றையது. தேர்தல் முடிந்து ஒரு வருடத்தின் பின் வெளிவந்த சுயாதீன மீளாய்வு இவ்விரண்டில் எதையும் முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. அது சொன்னது என்ன என்பதை விளங்கிக் கொள்வது வாக்குரிமையில் அக்கறையுள்ள எவருக்கும், குறிப்பாகச் சிறுபான்மைச் சமூகத்தவருக்கு, பயன்தரும்.

நடந்தது என்ன?

2000 நவம்பர் 7ஆம் திகதி தேர்தல். குடியரசுக் கட்சியில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், ஜனநாயகக் கட்சியில் அப்போதைய துணை ஜனாதிபதி அல் கோர். அமெரிக்காவில் நாடளாவிய மொத்த வாக்கு ஜனாதிபதியைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகளில் 270ஐப் பெறுபவரே வெற்றியாளர். நாடளாவிய வாக்கில் கோர் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாக முன்னிலையில் இருந்தார். ஆனால் 25 தேர்வாளர் வாக்குகளைக் கொண்ட புளோரிடாவை யார் பெறுகிறாரோ அவருக்கே வெள்ளை மாளிகை என்ற நிலை ஏற்பட்டது.

அன்றிரவு தொலைக்காட்சிகள் முதலில் புளோரிடாவைக் கோருக்குக் கொடுத்தன. பின் அதை வாபஸ் பெற்றன. நள்ளிரவு தாண்டிப் புஷ்ஷுக்குக் கொடுத்தன. கோர் தொலைபேசியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். சற்று நேரத்தில் மீண்டும் அழைத்து அதைத் திரும்பப் பெற்றார். விடிந்தபோது, ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகளில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 1,784 மட்டுமே.

வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் இயந்திரத்தில் மீண்டும் எண்ண வேண்டும் என்பது புளோரிடாச் சட்டம். அப்படி எண்ணியதும் புஷ்ஷின் முன்னிலை சில நூறாகக் குறைந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த தபால் வாக்குகள் சேர்ந்ததும் 930 ஆக உயர்ந்தது. நவம்பர் 26ஆம் திகதி மாநிலச் செயலாளர் கத்தரின் ஹாரிஸ் உறுதிப்படுத்திய இறுதி எண்ணிக்கை: புஷ் 2,912,790, கோர் 2,912,253. வித்தியாசம் 537.

இந்தக் கத்தரின் ஹாரிஸ் அதே தேர்தலில் புஷ்ஷின் புளோரிடாப் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் சொந்தச் சகோதரர். இவர்கள் தவறு செய்தார்கள் என்பதற்கு இவை ஆதாரமாகா. ஆயினும் நடுவர் ஓர் அணியின் சட்டையை அணிந்திருந்தால் அவர் சரியான தீர்ப்பைச் சொன்னாலும் மறுதரப்பு நம்பாது. புளோரிடாவில் அதுதான் நடந்தது.

துளையிடும் அட்டையின் சிக்கல்

புளோரிடாவின் 67 கவுண்டிகளும் ஒரே முறையில் வாக்களிக்கவில்லை. பல கவுண்டிகளில் துளையிடும் அட்டை பாவனையில் இருந்தது. வாக்காளர் அட்டையை ஒரு சட்டத்தில் செருகி, விரும்பிய வேட்பாளருக்கு நேரே உள்ள சிறு சதுரத்தை ஊசியால் குத்தித் தள்ள வேண்டும். அந்தச் சதுரத் துணுக்குக்கு "சாட்" என்று பெயர். அது முழுதாக விழுந்தால் இயந்திரம் துளையைக் கண்டு வாக்காக எண்ணும். ஒரு மூலையில் தொங்கிக் கொண்டிருந்தாலோ, குத்திய இடம் வெறுமனே குழிந்திருந்தாலோ, இயந்திரம் அதைப் பெரும்பாலும் வெற்று அட்டையாகவே கணிக்கும்.

இயந்திரம் ஒதுக்கித் தள்ளிய அட்டைகள் இரு வகைப்பட்டன. ஜனாதிபதிப் பதவிக்கு எந்த வாக்கும் இல்லை என்று இயந்திரம் கருதியவை முதலாம் வகை. இவற்றைக் குறைவாக்கு என்போம். ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வாக்கு இருப்பதாகக் கருதியவை இரண்டாம் வகை. இவற்றை மிகைவாக்கு என்போம். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் முழு விவகாரமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பாம் பீச் கவுண்டியில் வேறொரு சிக்கல். முதியவர்கள் இலகுவாக வாசிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சிட்டு, துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சிச் சீட்டு என்று அது பெயர் பெற்றது. இடப்பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவது. ஆனால் அவருக்குரிய துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பட் புக்கனனுக்கு உரியது. யூத வாக்காளர்கள் கணிசமாக வாழும் அக்கவுண்டியில் தீவிர வலதுசாரியான புக்கனனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை தனக்கு உரியவையாக இருக்க முடியாது என்று அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 19,000க்கும் மேற்பட்ட அட்டைகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் அவை கழிக்கப்பட்டன.

டுவல் கவுண்டியில் வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. எல்லாப் பக்கத்திலும் வாக்களிக்குமாறு மாதிரிச் சீட்டு கூறியிருந்தது. சொன்னபடி செய்தவர்கள் ஜனாதிபதிப் பதவிக்கு இரு தடவை வாக்களித்தவர்களானார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அங்கும் வீணாகின.

கைமுறை எண்ணிக்கை: சட்டம் சொன்னதும் சொல்லாததும்

அன்றைய புளோரிடாச் சட்டப்படி ஒரு வேட்பாளர் தான் விரும்பிய கவுண்டியில் கைமுறை எண்ணிக்கையைக் கோரலாம். கவுண்டி நீதிபதி, தேர்தல் மேற்பார்வையாளர், கவுண்டிச் சபைத் தலைவர் ஆகிய மூவரைக் கொண்ட சபை முதலில் ஒரு சத வீத வாக்குகளைக் கையால் எண்ணிப் பார்க்கும். முடிவை மாற்றக்கூடிய பிழை தென்பட்டால் முழுக் கவுண்டியையும் எண்ணலாம்.

கோர் தரப்பு வொலூசியா, பாம் பீச், புரோவார்ட், மயாமி-டேட் ஆகிய நான்கு கவுண்டிகளை மட்டும் தெரிவு செய்தது. நான்கிலும் ஜனநாயகக் கட்சிக்கே ஆதரவு அதிகம். "எல்லா வாக்கும் எண்ணப்பட வேண்டும்" என்று மேடையில் முழங்கிய தரப்பு, நடைமுறையில் தனக்குச் சாதகமான இடங்களை மட்டும் எண்ணக் கேட்டது. புஷ் தரப்பு எந்தக் கவுண்டியிலும் கைமுறை எண்ணிக்கையைக் கோரவில்லை. நடப்பதை நிறுத்தவே நீதிமன்றம் சென்றது. கொள்கை என்று இரு தரப்பும் சொன்னது, எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும் என்ற கணக்கைத்தான்.

அடுத்தது அளவுகோல். "வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்பதே சட்டம். தொங்கும் துணுக்கு எண்ணத்தைக் காட்டுகிறதா? வெறும் குழிவு காட்டுகிறதா? சட்டம் மௌனமாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு சபையும் தனக்குத் தோன்றிய விதியை வகுத்தது. பாம் பீச் சபை 1990ஆம் ஆண்டின் பழைய வழிகாட்டலோடு தொடங்கியது. பின் வெளிச்சம் ஊடுருவினால் வாக்கு என்றது. பின் பழைய விதிக்கே திரும்பியது. பிறகு குறித்த விதி எதுவுமில்லை என்றானது. கடைசியில் குழிவுகளையும் கவனிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. ஒரே மேசையில், ஒரே வகை அட்டைக்கு, நாளுக்கொரு நீதி. பக்கத்துப் புரோவார்டில் தளர்வான விதி. அங்கு கோருக்கு 567 வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன. அட்டையை வெளிச்சத்தில் உயர்த்திக் கண்ணைப் பிதுக்கிப் பார்க்கும் அதிகாரிகளின் படங்கள் உலகெங்கும் நகைப்புக்குள்ளாயின.

மயாமி-டேட் கவுண்டியில் நவம்பர் 22ஆம் திகதி, எண்ணும் அறைக்கு வெளியே குடியரசுக் கட்சியினரின் கூச்சலும் தள்ளுமுள்ளும் எழுந்த சூழலில் எண்ணிக்கை கைவிடப்பட்டது. காலக்கெடுவுக்குள் முடிக்க இயலாது என்பதே சபை சொன்ன காரணம். பாம் பீச் இரவு பகலாக எண்ணியும் நவம்பர் 26 மாலை ஐந்து மணிக் கெடுவை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களால் தவறவிட்டது. அதன் எண்ணிக்கை இறுதி முடிவில் சேர்க்கப்படவில்லை.

நீதிமன்றத்தின் குறுக்கீடு

டிசம்பர் 8ஆம் திகதி புளோரிடா உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், மாநிலம் முழுவதும் இன்னும் கையால் எண்ணப்படாத குறைவாக்குகளை எண்ணுமாறு உத்தரவிட்டது. மறுநாள் காலை எண்ணிக்கை தொடங்கியது. அன்றே ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை இடைநிறுத்தியது. டிசம்பர் 12ஆம் திகதி இரவு தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பில் இரு பகுதிகள் உள்ளன. ஒரே வகையான வாக்கு ஒரு கவுண்டியில் எண்ணப்பட்டு இன்னொன்றில் கழிக்கப்படுவது சட்டத்தின் முன் சமத்துவம் என்ற கோட்பாட்டுக்கு முரணானது என்பது முதற்பகுதி. இந்தக் குறைபாட்டை நீதியரசர்களில் ஏழு பேர் ஏதோவொரு வகையில் ஏற்றனர். சீரான விதியை வகுத்து மீண்டும் எண்ண நேரமில்லை, ஆகவே எண்ணிக்கை முடிந்தது என்பது இரண்டாம் பகுதி. இதை ஏற்றவர்கள் ஐந்து பேர் மட்டுமே. நோயைக் கண்டுபிடித்த மருத்துவர், சிகிச்சைக்கு நேரமில்லை என்று நோயாளியை அனுப்பிவிட்டதைப் போன்றது இது. நேரம் இல்லாமற் போனதற்கு அதே நீதிமன்றத்தின் இடைநிறுத்த உத்தரவும் ஒரு காரணம் என்று எதிர்த் தீர்ப்பெழுதியவர்களும் பின்னர் பல சட்ட அறிஞர்களும் சுட்டிக்காட்டினர். இத்தீர்ப்பு இந்தச் சந்தர்ப்பத்துக்கு மட்டுமே உரியது என்று நீதிமன்றமே எழுதி வைத்தது விமர்சனத்தை மேலும் கூட்டியது.

டிசம்பர் 13ஆம் திகதி கோர் தோல்வியை ஏற்றார். தீர்ப்புடன் உடன்படவில்லை, ஆனால் அதை ஏற்கிறேன் என்பதே அவரது உரையின் சாரம். தெருவில் இரத்தம் சிந்தவில்லை. அதை அந்த நாட்டின் நிறுவனங்களுக்கு உரிய பெருமையாகவே சொல்ல வேண்டும்.

சுயாதீன மீளாய்வு எவ்வாறு நடந்தது?

புளோரிடாவின் பகிரங்கப் பதிவேட்டுச் சட்டம் மிகவும் தாராளமானது. தேர்தல் முடிந்தபின் வாக்குச்சீட்டுகளைப் பொதுமக்கள் பார்வையிட அது இடமளித்தது. இதைப் பயன்படுத்தி இரு பெரும் ஆய்வுகள் நடந்தன.

மயாமி ஹெரால்ட், யூஎஸ்ஏ டுடே பத்திரிகைகள் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் துணையுடன் செய்த ஆய்வு 2001 ஏப்ரலில் வெளியானது. அது குறைவாக்குகளை ஆராய்ந்தது. புளோரிடா நீதிமன்றம் பணித்த எண்ணிக்கை தொடர்ந்திருந்தால், கோர் தரப்பு வற்புறுத்திய தளர்வான அளவுகோலின்படி புஷ்ஷின் முன்னிலை 1,665 ஆகக் கூடியிருக்கும். முழுதாகத் துளைக்கப்பட்டவை மட்டும் என்ற மிகக் கடுமையான அளவுகோலின்படி கோர் மூன்று வாக்குகளால் வென்றிருப்பார். அதாவது இரு தரப்பும் தத்தமக்குப் பாதகமான அளவுகோலுக்காகவே நீதிமன்றங்களில் போராடியிருக்கின்றன!

இரண்டாவது ஆய்வே மிக விரிவானது. அசோசியேட்டட் பிரஸ், நியூயோர்க் டைம்ஸ், வொஷிங்டன் போஸ்ட், வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல், சீஎன்என் உட்பட எட்டு ஊடக நிறுவனங்கள் செலவை ஏற்றன. பணியைச் செய்தது சிக்காகோ பல்கலைக்கழகத்துடன் இணைந்த நோர்க் என்ற கருத்தாய்வு நிலையம். 67 கவுண்டிகளிலும் எண்ணப்படாத 175,010 சீட்டுகள் பரிசீலிக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 61,000 குறைவாக்குகள். மிகுதி ஏறத்தாழ 114,000 மிகைவாக்குகள்.

இதன் செயன்முறையைத் தேர்தல் அதிகாரிகள் அனைவரும் படிக்க வேண்டும். அட்டைகளைப் பரிசீலித்த 150க்கும் அதிகமானோர் அவற்றைத் தொடக்கூட அனுமதிக்கப்படவில்லை. கவுண்டி அதிகாரி அட்டையை உயர்த்திப் பிடிக்க, அவர்கள் பார்த்துப் பதிந்தார்கள். குறைவாக்கு ஒவ்வொன்றையும் மூவர் தனித்தனியே பார்த்தனர்; ஒருவரோடொருவர் கலந்துரையாடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "இது யாருக்கான வாக்கு?" என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்படவே இல்லை. துணுக்கின் ஒரு மூலை பிரிந்துள்ளதா, இரண்டு மூலைகளா, குழிவு மட்டுமா, வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் கண்ட நிலையை மட்டுமே குறித்தார்கள். எந்த நிலையை வாக்காகக் கொள்வது என்ற தீர்ப்பு பின்னர், கணினியில், வெவ்வேறு அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பிரயோகித்துப் பார்க்கப்பட்டது. கண்டதையும் தீர்ப்பையும் இவ்வாறு பிரித்ததால்தான் எண்ணியவரின் கட்சி விருப்பம் முடிவுக்குள் நுழையும் வழி அடைபட்டது. வெற்றியாளர் யார் என்று நோர்க் அறிவிக்கவும் இல்லை. தரவுகளைப் பகிரங்கப்படுத்தி, விரும்பியவர் ஆராயட்டும் என்று விட்டது.

குறைபாடுகளும் இருந்தன. இயந்திரத்தில் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒதுக்கப்படும் அட்டைகளின் தொகை சற்று மாறியது. சில கவுண்டிகளால் தேர்தல் இரவில் ஒதுக்கிய அதே தொகையை மீண்டும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. பல தடவை கையாளப்பட்ட அட்டைகளில் துணுக்குகள் மேலும் தளர்ந்திருக்கலாம். வித்தியாசம் சில நூறாக இருக்கும்போது இவை அற்ப விடயங்களல்ல.

முடிவுகள் சொன்னது என்ன?

செப்டெம்பர் 11 தாக்குதல்களால் பிற்போடப்பட்ட அறிக்கை 2001 நவம்பர் 12ஆம் திகதி வெளியானது. சாரம் இதுதான்.

கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ் 225 வாக்குகளால் வென்றிருப்பார். புளோரிடா உயர் நீதிமன்றம் பணித்தபடி, கவுண்டிகள் பின்பற்றவிருந்த முறைகளில் எண்ணி முடித்திருந்தால் புஷ் 493 வாக்குகளால் வென்றிருப்பார். ஆனால் மாநிலம் முழுவதும் குறைவாக்கு, மிகைவாக்கு இரண்டையும் சேர்த்து, எல்லா இடத்திலும் எண்ணியிருந்தால், ஆய்வு பிரயோகித்த அளவுகோல்களில் கடுமையானதாயினும் தளர்வானதாயினும், கோர் 60 முதல் 171 வரையான வாக்குகளால் முன்னிலை பெற்றிருப்பார்.

மிகைவாக்கில் எப்படிச் செல்லுபடியான வாக்கு இருக்க முடியும் என்று கேட்கலாம். வேட்பாளர் ஒருவருக்கு அடையாளமிட்டுவிட்டு, கீழே உள்ள வெற்றிடத்திலும் அதே பெயரை எழுதியவர்கள் பலர். எண்ணம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு. ஆனால் இயந்திரம் இரண்டு அடையாளங்களைக் கண்டு கழித்துவிட்டது. இவற்றை எண்ணுமாறு கோர் தரப்பு கேட்கவில்லை. நீதிமன்றமும் பணிக்கவில்லை. முழுக் கவனமும் தொங்கும் துணுக்குகளில் இருந்தபோது, எண்ணம் தெளிவாகத் தெரிந்த சீட்டுகள் வேறொரு பெட்டியில் கிடந்தன.

ஆகவே, உயர் நீதிமன்றம் எண்ணிக்கையை நிறுத்தாதிருந்தால் கோர் வென்றிருப்பார் என்பது நிறுவப்படவில்லை. எப்படி எண்ணினாலும் புஷ்தான் என்பதும் பிழை. ஒருவரும் கோராத, ஒருவரும் பணிக்காத, ஆனால் மிக நியாயமான எண்ணிக்கையே கோருக்குச் சாதகமாக இருந்தது. வண்ணத்துப்பூச்சிச் சீட்டில் கோருக்கும் புக்கனனுக்கும் சேர்த்துத் துளையிட்ட ஐயாயிரத்துக்கும் அதிகமான அட்டைகளை எந்த மீள் எண்ணிக்கையாலும் மீட்க முடியாது. சீட்டின் வடிவமைப்பில் இழந்த வாக்கை எண்ணும் மேசையில் தேடிப் பயனில்லை.

கழிக்கப்பட்டது யாருடைய வாக்கு?

புளோரிடாவில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் சீட்டுகள் எண்ணப்படாமற் போயின. அவை எல்லாச் சமூகத்தவர் மீதும் சமமாக விழவில்லை. ஐக்கிய அமெரிக்க சிவில் உரிமைகள் ஆணைக்குழு 2001இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, கறுப்பின வாக்காளர்களின் சீட்டுகளில் 14.4 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. ஏனையோரில் அது 1.6 சதவீதம். வாக்களித்தவர்களில் 11 சதவீதமான ஒரு சமூகம், நிராகரிக்கப்பட்ட சீட்டுகளில் ஏறத்தாழ 54 சதவீதத்துக்குச் சொந்தமாக இருந்தது. இக்கணிப்பு முறையை ஆணைக்குழுவின் இரு உறுப்பினர்கள் ஏற்க மறுத்துத் தனி அறிக்கை எழுதினர் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆயினும் பழைய இயந்திரங்களும், பிழையை அந்த இடத்திலேயே வாக்காளருக்கு உணர்த்தாத முறைகளும் எங்கிருந்தனவோ அங்கு வாக்குகள் அதிகம் வீணாகின என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஒரு சமூகத்தின் குரலை அடக்க வாக்குச்சாவடியை மூட வேண்டியதில்லை. பழுதான இயந்திரத்தை அங்கே வைத்தாலே போதும்.

முஸ்லிம்களுக்கும் இத்தேர்தலுடன் ஒரு தொடர்புண்டு. அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளின் கூட்டு அரசியல் குழுவொன்று 2000 ஒக்டோபரில் புஷ்ஷை ஆதரிக்குமாறு அறிவித்தது. இரகசியச் சாட்சியத்தின் அடிப்படையில் அரபு வம்சாவளியினர் தடுத்து வைக்கப்படுவதற்கு எதிராக அவர் தொலைக்காட்சி விவாதத்தில் பேசியதும் அதற்கு ஒரு காரணம். புளோரிடாவின் வெற்றியைத் தீர்மானித்தது முஸ்லிம் வாக்குகளே என்ற உரிமைகோரலும் பின்னர் எழுந்தது. வாக்குச்சீட்டில் மதம் எழுதப்படுவதில்லை. எனவே இதை நிரூபிக்க வழியில்லை. 537 என்ற வித்தியாசத்தில் சில நூறு பேரைக் கொண்ட எந்தக் குழுவும் "நாமே தீர்மானித்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாகவும் இருக்கலாம். ஓராண்டுக்குள் அதே நிர்வாகத்தின் கீழ் முஸ்லிம்கள் சந்தித்த தடுத்துவைப்புகளும் கண்காணிப்பும் நாம் அறிந்தவை.

பின்னர் வந்த திருத்தங்கள்

புளோரிடா 2001இலேயே துளையிடும் அட்டையைத் தடை செய்தது. எந்த அடையாளம் வாக்காகும் என்பதற்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வகுக்கப்பட்டது. மாநிலம் தழுவிய போட்டியில் வேட்பாளர் தனக்குப் பிடித்த கவுண்டியை மட்டும் தெரிவு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 2002இல் மத்திய அரசு புதிய தேர்தல் உதவிச் சட்டத்தின் மூலம் இயந்திரங்களை மாற்ற நிதி வழங்கியது. பெயர்ப் பட்டியலில் சிக்கலுள்ள வாக்காளரைத் திருப்பி அனுப்பாமல் தற்காலிகச் சீட்டு வழங்கும் ஏற்பாடும் அதில் சேர்க்கப்பட்டது.

ஆனால் ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொன்று நேர்ந்தது. பல கவுண்டிகள் காகிதமே இல்லாத தொடுதிரை இயந்திரங்களுக்கு மாறின. 2006இல் சரசோட்டாவை உள்ளடக்கிய காங்கிரஸ் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 369. சரசோட்டாவில் மட்டும் ஏறத்தாழ 18,000 வாக்காளர்களின் பதிவில் அப்போட்டிக்கு வாக்கே இல்லை. இயந்திரக் கோளாறா, திரை வடிவமைப்பா, வாக்காளரின் விருப்பமா? எடுத்துப் பார்க்கக் காகிதம் இல்லை. அதன் பின் புளோரிடா காகிதச் சீட்டுக்குத் திரும்பியது.

2018இல் செனட் சபைத் தேர்தலில் புதிய முறை சோதனைக்குள்ளானது. சட்டப்படி மாநிலமெங்கும் குறைவாக்கும் மிகைவாக்கும் சேர்த்துக் கையால் பரிசீலிக்கப்பட்டன. ரிக் ஸ்கொட் 10,033 வாக்குகளால் வென்றார். பில் நெல்சன் ஏற்றுக்கொண்டார். பாம் பீச்சின் பழைய இயந்திரங்கள் சூடேறிப் பழுதானதும், புரோவார்ட் தன் இயந்திர எண்ணிக்கையை இரண்டு நிமிடம் தாமதித்து அனுப்பியதும் பழைய நினைவுகளைக் கிளறின. ஆனால் எது வாக்கு என்ற விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் 2000ஆம் ஆண்டின் குழப்பம் மீளவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நமது நாட்டில் எண்ணிக்கை தொடக்கம் முதலே கைமுறைதான். தொங்கும் துணுக்குகள் இல்லை. ஆனாலும் "எது வாக்கு?" என்ற கேள்வி நமக்கும் உரியது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. ஒருவருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால் விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்ட தேர்தலும் அதுவே. வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்ததால் அந்த மூன்று இலட்சம் சீட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. வித்தியாசம் சில ஆயிரமாக இருந்திருந்தால் அவற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசியிருக்க மாட்டோம்.

புளோரிடாவின் அனுபவத்தைச் சில வரிகளில் சுருக்கலாம். வாக்கு எது என்ற விதி, முடிவு தெரிவதற்கு முன் எழுதப்பட வேண்டும். அது எல்லா நிலையங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மீள் எண்ணிக்கை என்றால் நிராகரிக்கப்பட்ட எல்லா வகைச் சீட்டுகளும் அதில் அடங்க வேண்டும். காலக்கெடு, எண்ணுவதற்குத் தேவையான நேரத்தை வைத்து நிர்ணயிக்கப்பட வேண்டும். எண்ணுபவர் போட்டியாளரின் ஆளாக இருக்கக் கூடாது. காகிதம் பாதுகாக்கப்பட வேண்டும். பின்னர் சுயாதீனமாக ஆராயவும் அது திறந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தேர்தலிலும் வாக்கு ஓர் அமானிதம் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். அமானிதம் வாக்காளரின் கையோடு முடிவதில்லை. சீட்டை அச்சிடுபவர், எண்ணுபவர், மேசைக்கருகே நிற்கும் கட்சி முகவர் என்று அது கைமாறிக்கொண்டே போகிறது. நம் ஊர்களில் முகவர்களாகச் செல்லும் இளைஞர்கள் அடுத்த தேர்தலுக்கு முன் ஒன்றைச் செய்யலாம். எந்தச் சீட்டு செல்லும், எந்தச் சீட்டு செல்லாது என்ற தேர்தல் ஆணைக்குழுவின் விதிகளை நன்கு படித்துக்கொள்ளட்டும். புள்ளடியை எங்கே, எப்படி இடுவது என்பதை வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுக்கட்டும். எண்ணும் மேசைக்கு வந்து சேராமலேயே தொலையும் வாக்குகளைக் காப்பாற்ற அதைவிட எளிய வழி இல்லை.